பெட்ரோல் போடுங்கள்; கணக்கும் போடுங்கள்!

"அண்ணே, நூறு ரூபாய்க்குப் போடுங்க!"

பெட்ரோல் பங்க்கில் இந்தக் குரலைக் கேட்காதவர் உண்டா? காலையில் வேலைக்குப் போகிறவர் சொல்கிறார். கல்லூரிக்குப் போகும் பிள்ளை சொல்கிறான். ஸ்கூட்டரில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் தாயும் அதையே சொல்கிறாள்.

பெட்ரோல் விழுகிறது. பணம் கைமாறுகிறது. வண்டி புறப்பட்டு விடுகிறது.

அந்த வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி, "எத்தனை லிட்டர் போட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள். "நூறு ரூபாய்க்குப் போட்டேன்" என்றுதான் மறுபடியும் சொல்வார்கள்.

இதே மனிதர்தான் பால் கடையில் "அரை லிட்டர்" என்று கேட்கிறார். மளிகைக் கடையில் "ஒரு கிலோ பருப்பு" என்கிறார். துணிக் கடையில் மீட்டர் கணக்குப் பார்க்கிறார். பெட்ரோலுக்கு மட்டும் அளவு மறந்து போகிறது. ரூபாய் மட்டுமே நினைவில் நிற்கிறது.

ஏன் இப்படி? இதைப் புரிந்து கொள்ள, நாம் தினமும் சொல்லும் அந்தச் சின்னச் சொல்லையே எடுத்துப் பார்க்கலாம். "போடு!"

போடு என்றால் என்ன?

தமிழில் "போடு" என்ற சொல் செய்யாத வேலை இல்லை.

சட்டை போடுகிறோம். பூட்டுப் போடுகிறோம். கையெழுத்துப் போடுகிறோம். கோலம் போடுகிறோம். விருந்தாளிக்குச் சோறு போடுகிறோம். கடைசியில் சண்டையும் போடுகிறோம்!

பெட்ரோலோ ஒரு நீர்ப்பொருள். தண்ணீரைக் குடத்தில் "ஊற்று" என்கிறோம். விளக்குக்கு எண்ணெய் "விடு" என்கிறோம். பெட்ரோலை மட்டும் ஏன் "போடு" என்கிறோம்?

மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக் கட்டி, வைக்கோல் போடுவார். ரெயில் வண்டி வந்தது. எந்திரத்தின் தீப்பெட்டியில் ஆள் நின்று கரி போட்டார். மோட்டார் வந்தது. அதற்குப் பெட்ரோல் போட்டோம். வண்டி மாறினாலும் சொல் மாறவில்லை. வண்டிக்கு உணவு கொடுக்கும் சொல்லாக அது நின்றுவிட்டது.

"பெட்ரோல் ஊற்றி" என்று நாளிதழில் வந்தால் அதன் பொருளே வேறு. அது தீ வைத்த செய்தி. படிக்கும்போதே நெஞ்சு பதறும். வண்டிக்குப் போடுவது ஒன்று, ஊற்றுவது வேறொன்று. மக்கள் நாவு இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

"பெட்ரோல் அடி" என்றும் சொல்வது உண்டு. கைப்பம்பில் தண்ணீர் அடிக்கிறோம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம். பம்பு உள்ள இடத்தில் "அடி" என்ற சொல்லும் வந்து விடுகிறது.

பலகைகளில் "எரிபொருள் நிரப்பும் நிலையம்" என்று எழுதியிருக்கும். அது ஏட்டுத் தமிழ். "நிரப்பு" என்றால் நிறையச் செய்வது. நூறு ரூபாய்க்குப் போடுகிறவர் எதையும் நிரப்புவதில்லை. அதனால்தானோ என்னவோ, வாய்ப்பேச்சில் அந்தச் சொல் நுழையவில்லை.

ஊருக்கு ஒரு பெயர்

"பெட்ரோல்" என்ற சொல்லுக்குப் பொருள் தெரியுமா? லத்தீன் மொழியில் "பெட்ரா" என்றால் பாறை. "ஓலியம்" என்றால் எண்ணெய். பாறைக்கு அடியில் கிடைக்கும் எண்ணெய் பெட்ரோலியம். அதைக் காய்ச்சிப் பிரிக்கும்போது பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் தனித்தனியே வருகின்றன. தமிழில் சிலர் "கல்நெய்" என்று எழுதுகிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

டீசல் என்பதோ ஒரு மனிதரின் பெயர்! ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் அந்த எந்திரத்தைக் கண்டுபிடித்தார். அவர் பெயரே எண்ணெய்க்கும் ஆகிவிட்டது.

தென்னாட்டில் நாம் "பெட்ரோல் பங்க்" என்கிறோம். வட நாட்டார் "பெட்ரோல் பம்ப்" என்கிறார்கள். இலங்கைத் தமிழர் "பெற்றோல் செட்" என்கிறார்கள். மலேசியாவில் "எண்ணெய் நிலையம்" என்ற பெயரைக் கேட்கலாம்.

அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பெயர் "கேஸ்". "கேசொலின்" என்ற சொல்லின் சுருக்கம் அது. அங்கே இருக்கும் பேரன், "காருக்குக் கேஸ் போடணும் பாட்டி" என்று சொன்னால், இங்கே இருக்கும் பாட்டிக்கு அடுப்படி சிலிண்டர்தான் நினைவுக்கு வரும்!

ஊருக்கு ஒரு பெயர் இருக்கட்டும். பொருள் ஒன்றுதான். எங்கே வாங்கினாலும் அது அளந்து விற்கும் பொருள். அதை நாம் மறக்கக் கூடாது.

மருந்துக் கடையில் பெட்ரோல்!

உலகத்தில் முதன்முதலாகக் காருக்கு எண்ணெய் வாங்கிப் போட்டவர் யார் தெரியுமா? ஒரு பெண்!

அவர் பெயர் பெர்த்தா பென்ஸ். மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்சின் மனைவி. 1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்துக் கொண்டு புறப்பட்டார். தம் இரு மகன்களையும் கூட்டிக் கொண்டார். ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கும் போர்சைம் நகருக்குப் பயணம். அங்கே அவருடைய தாய் வீடு.

வழியில் எண்ணெய் குறைந்தது. அப்போது பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடை இருந்தது. துணியில் கறை எடுக்கப் பயன்படும் "லிக்ராயின்" என்ற எண்ணெய் அங்கே கிடைத்தது. அதை வாங்கி வண்டிக்குப் போட்டார். வண்டி ஓடியது! உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடையைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு பம்புகள் வந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பழைய பம்பு ஒன்றின் அமைப்பு வேடிக்கையானது. உச்சியில் பெரிய கண்ணாடிக் குடுவை இருக்கும். அதில் அளவுக் கோடுகள் போட்டிருக்கும். ஊழியர் கைப்பிடியை இழுத்து இழுத்து அடிப்பார். பெட்ரோல் குடுவைக்குள் ஏறும். வேண்டிய கோட்டை எட்டியதும் நிறுத்துவார். பிறகு குழாய் வழியே அது வண்டிக்குள் இறங்கும்.

வாங்குகிறவர் தம் பெட்ரோலைத் தம் கண்ணால் பார்த்தார். எத்தனை காலன் என்பது அவருக்குத் தெரிந்தது.

நம் வீட்டுப் பாட்டிமாரும் இதில் குறைந்தவர்கள் அல்ல. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்க டின்னோடு வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கிறதா? அளக்கும் குவளையில் நுரை அடங்கும் வரை கண் இமைக்காமல் பார்ப்பார்கள். "நுரையை அளக்காதேப்பா, எண்ணெயை அள!" என்பார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆனாலும் ஒரு லிட்டர் என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்று பங்க்கில் குடுவையும் இல்லை, குவளையும் இல்லை. பெட்ரோல் நிலத்தடித் தொட்டியிலிருந்து குழாய்க்கு வருகிறது. குழாயிலிருந்து வண்டிக்குள் மறைகிறது. கண்ணுக்குத் தெரிவது எண் மட்டும்தான். அந்த எண்ணையும் பார்க்காவிட்டால் எப்படி?

சுருங்கிய நூறு ரூபாய்

ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

பெட்ரோல் லிட்டர் 50 ரூபாய் விற்றால், நூறு ரூபாய்க்கு 2 லிட்டர் கிடைக்கும். 80 ரூபாய் விற்றால் ஒன்றேகால் லிட்டர் கிடைக்கும். 100 ரூபாய் விற்றால் 1 லிட்டர்தான்.

லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் விலையில் அந்த நூறு ரூபாய் 100 கிலோ மீட்டர் ஓட்டியது. கடைசி விலையில் 50 கிலோ மீட்டரிலேயே நின்று விடுகிறது.

சொல் மாறவில்லை. "நூறு ரூபாய்க்குப் போடுங்க!" பொருள் மட்டும் பாதியாகி விட்டது.

2017-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி முதல், பெட்ரோல் விலையைத் தினமும் காலை 6 மணிக்குத் திருத்தும் முறை நாடு முழுவதும் வந்தது. சென்னையில் 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் பெட்ரோல் விலை 100 ரூபாயைத் தாண்டியது. அன்று நூறு ரூபாய் நோட்டை நீட்டியவருக்கு முழு லிட்டர் கூடக் கிடைக்கவில்லை. எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

மாதக் கடைசியில் மட்டும், "சம்பளம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை" என்று கணவன் சொல்கிறான். "எனக்கும் தெரியவில்லை" என்கிறாள் மனைவி. அதில் ஒரு பகுதி, அளவு தெரியாமல் பெட்ரோல் தொட்டிக்குள் போயிருக்கிறது.

இலங்கை கற்ற பாடம்

அளவின் அருமை தெரிய வேண்டுமானால் இலங்கையைக் கேட்க வேண்டும்.

2022-ம் ஆண்டில் அந்த நாட்டில் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. எண்ணெய் இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணி இல்லை. பெற்றோல் செட்டுகளில் மைல் கணக்கில் வரிசை நின்றது. இரவும் பகலும் மக்கள் காத்துக் கிடந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில், ஒவ்வொரு வண்டிக்கும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அரசு பங்கீடு செய்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர். ஆட்டோவுக்கு 5 லிட்டர். காருக்கு 20 லிட்டர்.

அப்போது யாழ்ப்பாணத்திலும் சரி, கொழும்பிலும் சரி, பணம் மட்டும் இருந்தால் போதவில்லை. கையில் இருக்கும் லிட்டர் எத்தனை என்பதுதான் கேள்வி. 4 லிட்டரில் வேலைக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று குடும்பங்கள் கணக்குப் போட்டன.

நமக்கு அந்த நிலை வர வேண்டாம். பாடத்தை மட்டும் எடுத்துக் கொள்ளலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், பெயரைச் சொல்லுங்கள். "போடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பெட்ரோல்" அல்லது "டீசல்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால் எந்திரம் கெடும். டீசல்தான் அதன் பம்புக்கு வழவழப்புக் கொடுக்கிறது, பெட்ரோல் கொடுக்காது. தவறிப் போட்டுவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளி நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

இரண்டாவது, லிட்டரில் கேளுங்கள். "ரெண்டு லிட்டர் பெட்ரோல்" என்று கேட்டுப் பழகுங்கள். சில்லறைக்குக் கஷ்டம் என்பார்கள். போன் மூலம் பணம் கட்டும் இந்தக் காலத்தில் 203 ரூபாய் 40 காசு கொடுப்பதும் எளிதுதான்.

கையில் 50 ரூபாய் மட்டுமே இருக்கும் கூலித் தொழிலாளி என்ன செய்வார்? அவர் ரூபாயில்தான் கேட்க வேண்டும். அதில் தவறு இல்லை. அவரும் பெட்டியில் உள்ள லிட்டர் வரிசையைப் பார்க்கலாம். பெட்டியில் மூன்று வரிசை இருக்கும். மொத்த ரூபாய், லிட்டர், ஒரு லிட்டர் விலை. நடு ஆளை விட்டுவிட வேண்டாம்!

மூன்றாவது, சைபரைப் பாருங்கள். குழாய் உங்கள் வண்டிக்குள் போகும் முன் எண் சைபருக்கு வந்திருக்க வேண்டும். முன்னால் போனவர் போட்ட 50 ரூபாயிலிருந்து எண் ஓடத் தொடங்கினால், அந்த 50 ரூபாய் உங்கள் தலையில்!

"100 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்றுவார்கள், 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அளவு தவறாக இருக்கும் எந்திரம் நூறுக்கும் தவறும், நூற்றுப் பத்துக்கும் தவறும். எண்ணை மாற்றிச் சொல்வதால் பயன் இல்லை. கண்ணைத் திறந்து பார்ப்பதுதான் பாதுகாப்பு.

நான்காவது, சந்தேகம் வந்தால் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். கேட்டால் அதில் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் அது குற்றம். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதைக் கவனிக்கிறது. பங்க்கில் புகார்ப் புத்தகமும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு ஆயுதம்.

கலப்படம் என்று பயந்தால் வடிகாகிதம் கேளுங்கள். இலவசமாகவே தருவார்கள். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆவியாகிக் கறை இல்லாமல் மறைந்தால் நல்லது. கறை நின்றால் கேள்வி கேளுங்கள்.

ஐந்தாவது, பாட்டிலில் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி அடுப்படிக்குப் போகும். "ஊற்று" என்ற சொல்லின் பயங்கரம் அங்கேதான் இருக்கிறது.

குழந்தைகளும் போடலாம்!

வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது எளிது.

ஒரு நாள் தொட்டியை நிரப்புங்கள். குழாய் தானாக நின்றதும் போதும். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். மீட்டரில் உள்ள கிலோ மீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். 12,000 என்று வைத்துக் கொள்வோம். சில நாள் கழித்து மறுபடி நிரப்புங்கள். 4 லிட்டர் பிடிக்கிறது. மீட்டர் 12,200 காட்டுகிறது. 200-ஐ 4-ஆல் வகுத்தால் 50. உங்கள் வண்டி லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடுகிறது!

அடுத்த மாதம் அது 40 ஆனால்? மாதம் 600 கிலோ மீட்டர் ஓடும் வண்டி 12 லிட்டருக்குப் பதில் 15 லிட்டர் குடிக்கும். 3 லிட்டர் வீண். டயரில் காற்றுக் குறைவா, பிரேக் ஒட்டுகிறதா, காற்று வடிகட்டியில் தூசா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து, அந்தப் பொறுப்பை அவளிடமே விடுங்கள். அப்பாவின் வண்டி என்ன குடிக்கிறது என்று மகள் கேட்கத் தொடங்கினால், அப்பா சும்மா ஊர் சுற்றுவதும் குறையும்!

கேட்பது குற்றம் அல்ல

ஒன்று சொல்ல வேண்டும். பங்க்கில் குழாய் பிடிப்பவரும் நம்மைப் போல உழைப்பவர்தான். நாள் முழுவதும் வெயிலிலும் பெட்ரோல் வாடையிலும் நிற்கிறார். இப்போது பெண்களும் அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களைத் திருடர்களைப் போலப் பார்ப்பது தவறு.

"அண்ணே, சைபர் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நேர்மையான ஊழியர் தாமாகவே "சைபர் பாருங்க சார்" என்கிறார். அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

காலம் மாறுகிறது. மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது. அதற்கும் நாம் "சார்ஜ் போடு" என்றுதான் சொல்கிறோம். வைக்கோலுக்கு வந்த சொல், கரிக்கு வந்தது, பெட்ரோலுக்கு வந்தது, மின்சாரத்துக்கும் வந்துவிட்டது. அங்கே லிட்டருக்குப் பதில் யூனிட். அதையும் பார்த்துப் பழக வேண்டும்.

"போடு" என்ற சொல்லுக்கு இத்தனை பொருள் சொன்னோம். ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தோம். கணக்குப் போடு!

அடுத்த முறை பங்க்கில் நிற்கும்போது, பெட்ரோலோடு கணக்கையும் போடுங்கள்!